பத்தாத குல்லா

குல்லா புருவத்துக்கு மேலே மூன்று விரல் உயரத்தில் நின்றுவிட்டது.

இழுத்துப் பார்த்தேன். நீலக் கம்பளி நூல் கொஞ்சம் இளகிக் கொடுத்தது. கையை எடுத்ததும் மறுபடி மேலே ஏறிக்கொண்டது. பாண்டி அழவில்லை. உச்சந்தலையில் கிண்ணத்தைக் கவிழ்த்ததுபோல் அந்தக் குல்லாவோடு, கண்ணைத் தாழ்த்தித் தன் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தான். ஆறு மாதப் பிள்ளை.

"ஏ மதினி, இதென்ன இளநிக்கு மூடியா?" என்றாள் பேச்சி. பாண்டியைப் பெற்றவள்.

லில்லி அக்காவின் கம்பளி நூல் கடைப் பின்கட்டில் உட்கார்ந்திருந்த ஏழெட்டுப் பெண்களும் சிரித்தார்கள். தேவாரம் ஊரிலிருந்து வரும் பாக்கியம் மட்டும் சிரிக்காமல் முகத்தை வைத்துக்கொண்டு, "எங்க ஊருப் பக்கம் ஆனை எறங்கும்ல, அதுங்கிட்ட கேட்டுப் பாப்போம், இது காதுக்காவது ஆகுமான்னு" என்றாள். நானும் சேர்ந்து சிரித்தேன்.

அது பாண்டிக்கு நான் பின்னிய இரண்டாவது குல்லா. முதல் குல்லாவும் இதே இடத்தில்தான் நின்றது. எங்கே தப்பு செய்கிறேன் என்று எனக்குப் புரியவில்லை. இன்று இதை எழுதும்போதும் எல்லாம் புரிந்துவிட்டது என்று சொல்ல முடியாது.

வெயில் ஊரில் ஒரு கம்பளிக் கடை

போன வாரம் இந்தப் பத்தியில் என் பிரசவத்தைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு நாத்தனார், "இதையெல்லாமா எழுதுவாக?" என்று கேட்டார். அதனால் இந்த வாரம் யாரும் குறை சொல்லாத எதையாவது எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். பின்னல் வகுப்பைப் பற்றி எழுதினால் யார் என்ன சொல்லப்போகிறார்கள்? எழுத ஆரம்பித்த பிறகுதான் இதுவும் அப்படியில்லை என்று தெரிகிறது.

போடியில் கம்பளி நூலுக்கு என்ன வேலை என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். பங்குனி வெயிலில் இங்கே தார் ரோடு செருப்பில் ஒட்டும். ஆனால் எங்கள் ஊரில் பாதி வீடுகளுக்கு ஒரு கால் மேலே மலையில் இருக்கும். ஏலத் தோட்டத்தில் புருசன், எஸ்டேட்டில் அண்ணன் என்று யாராவது ஒருவர். காலையில் இங்கே வேர்த்துக்கொண்டே பஸ் ஏறுகிறவர், கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டியதும் சன்னலைச் சாத்தச் சொல்வார்.

எண்பதாம் வருசம் பிறந்த சமயம் என்று நினைவு. ஒன்றிரண்டு வருசம் முன்னே பின்னே இருக்கலாம். பஜார்த் தெருவில் ஏலக்காய் மண்டிகளுக்கு நடுவே அந்தக் கடை. முன்பக்கம் லில்லி அக்காவின் வீட்டுக்காரர் கம்பளிப் போர்வையும் குரங்குக் குல்லாவும் கூடை பின்னும் ஒயரும் விற்பார். பின்கட்டில் செவ்வாயும் வெள்ளியும் மத்தியானம் அக்காவின் வகுப்பு. நூலை அங்கே வாங்கினால் போதும், சொல்லிக்கொடுப்பதற்குத் தனியாக எதுவும் இல்லை. பக்கத்து மண்டியில் ஏலக்காய் புடைக்கும் வாசம் சுவரைத் தாண்டி வந்து நூல்கண்டுகளில் ஏறியிருக்கும். என் பெட்டியில் இருக்கும் பழைய ஸ்வெட்டரை எடுத்தால் இப்போதும் பாயசம் வைத்த வீடு மாதிரி மணக்கிறது.

லில்லி அக்கா எங்களைவிட நாலைந்து வயதுதான் மூத்தவள். கேரளத்துப் பூப்பாறைப் பக்கம் எஸ்டேட் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பிறந்து வளர்ந்ததால் பேச்சில் பாதி மலையாளம் கலந்திருக்கும். ஊசியில் கண்ணி எண்ணும்போது முழுக்க மலையாளம். யார் எதைத் தப்பாகப் பின்னினாலும் "சாரமில்லா, பிரிச்சுக்கலாம்" என்பாள். சாரமில்லா என்றால் பரவாயில்லை, மோளே என்றால் மகளே என்று நாங்களும் பழகிக்கொண்டோம்.

நான் போனது பின்னக் கற்றுக்கொள்ள இல்லை. மகள் கவிதா பிறந்ததிலிருந்து எனக்கு எதைக் கண்டாலும் பயம். அவள் தூங்கினால் மூக்குக்குக் கீழே விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்ப்பேன். எழுந்தால் ஏன் எழுந்தாள் என்று யோசிப்பேன். ஒரு நாள் என் வீட்டுக்காரர், "வாரத்துல ரெண்டு மத்தியானம் எங்கயாவது போயிட்டு வா சுமதி. பிள்ளைய நிம்மதியா மூச்சு விட விடு" என்றார். மாமியார் அத்தையும் சரி என்றார். விட்டுப் போக மனமில்லாமல் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு போனேன்.

அங்கே எனக்கு ஒரு மரியாதை இருந்தது. நான் பள்ளி இறுதி வரை படித்தவள். லில்லி அக்காவிடம் பின்னல் மாதிரிகள் அடங்கிய ஓர் இங்கிலீஷ் புத்தகம் உண்டு. அதில் வாக்கியமே கிடையாது, "கே ரெண்டு, பி ரெண்டு" என்று வெறும் எழுத்தும் எண்ணும்தான். அதைப் படித்து, இது நேர் கண்ணி, இது மறி கண்ணி என்று சொல்வது என் பொறுப்பு. எனவே குல்லா பத்தாமல் போனபோது, நான்தான் புத்தகத்தைத் தப்பாகப் படித்திருக்கிறேன் என்று எல்லாரும் நினைத்தார்கள். என்னைவிட உறுதியாக யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

பெற்றவள் அளக்கக் கூடாது

அந்த வகுப்பில் ஒரு வழக்கம் இருந்தது. அதைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

பெற்றவள் தன் பிள்ளையை அளக்க மாட்டாள். அளந்தால் பிள்ளை அந்த அளவோடு நின்றுவிடும். பெற்றவள் கண்தான் எல்லாக் கண்ணிலும் பொல்லாத கண் என்பார்கள். அதனால் இரண்டு இரண்டு பேராகச் சேர்ந்துகொள்வோம். என் பிள்ளைக்கு நீ அளவெடுத்துப் பின்னு, உன் பிள்ளைக்கு நான்.

அளவு எடுக்க டேப் கிடையாது. எண் எதையும் வாய்விட்டுச் சொல்லக் கூடாது. ஒரு கம்பளி நூலைப் பிள்ளையின் தலையைச் சுற்றிப் பிடித்து, அந்த இடத்தில் முடிச்சுப் போட்டு நறுக்கிக்கொள்வோம். குல்லா முடிந்ததும் அந்த நூலை அடுப்பில் போட்டுவிட வேண்டும். ஒரு பிள்ளையின் அளவு அடுத்த வீட்டில் கிடக்கக் கூடாது. யாருடைய அளவை யார் வைத்துக்கொள்வார்கள், எதற்கு வைத்துக்கொள்வார்கள் என்பதைப் பற்றி எங்கள் பக்கத்தில் நிறையக் கதை உண்டு. எல்லாமே செய்வினைக் கதைகள்.

எனக்கு வாய்த்த ஜோடி பேச்சி. தலைப் பிரசவத்துக்கு ராசிங்காபுரத்துக்கு, ஆத்தா வீட்டுக்கு வந்திருந்தாள். புருசன் மேலே எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர். தை பிறந்ததும் ஜீப்பு வந்து அவளையும் பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு போய்விடும். அதற்குள் பாண்டிக்குக் குல்லாவும் ஸ்வெட்டரும் தயாராக வேண்டும்.

பேச்சிக்கு எல்லாமே விளையாட்டு. முதல் நாளே என்னை மதினி என்றாள். கவிதாவை "எம் மருமக" என்பாள். "சீதனம் என்ன போடுவ, இப்பவே சொல்லிரு. பெறகு மாமியாக்காரி கொடுமைன்னு பேசப்புடாது." பாண்டி பாலைக் கக்கினால், "அப்பன மாதிரியே, சாப்பிட்டதச் செமிக்கத் தெரியல" என்பாள். அவன் கண் எப்போதும் கீழேயே பார்த்துக்கொண்டிருக்கும். "மாமியாரப் பாத்து வெக்கப்படுறான்" என்பாள்.

அவள் கவிதாவுக்குப் பின்னிய ரோசா நிறக் குல்லா ஒரே வாரத்தில் முடிந்தது. அச்சாகப் பொருந்தியது.

மூன்று நூல்கள்

முதல் குல்லா பத்தாமல் போன அன்று நான் ஒரு தப்பு செய்தேன். அளவு நூலை அடுப்பில் போடவில்லை. எங்கே பிசகினேன் என்று வீட்டில் ஒப்பிட்டுப் பார்க்கலாமே என்று பின்னல் பையின் அடியில் வைத்துக்கொண்டேன். இரண்டாவது தடவை எடுத்ததையும் அப்படியே. மூன்றாவதையும்.

பள்ளியில் படித்த பழக்கம், கணக்கு தப்பினால் வழியை அழிக்கக் கூடாது என்பார்கள். அப்படித்தான் வைத்துக்கொண்டேன் என்று இப்போது சொல்கிறேன். அன்றைக்கு அவ்வளவு தெளிவாக யோசித்தேனா என்று தெரியவில்லை.

மூன்றாவது குல்லாவைத் தொடங்கும் முன் ஒரு மத்தியானம் மூன்று நூல்களையும் பாயில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். முதலாவதைவிட இரண்டாவது ஒரு கட்டைவிரல் அகலத்துக்குக் கூடுதல் நீளம். அதைவிட மூன்றாவது இன்னும் கொஞ்சம் கூட.

அப்படியானால் நான் பின்னியது தப்பில்லை. குல்லா ஒவ்வொன்றும் அளவெடுத்த அன்றைய தலைக்குச் சரிதான். பின்னி முடிக்கும் இரண்டு மூன்று வாரத்தில் தலை அளவைத் தாண்டிப் போய்விடுகிறது.

ஆனால் பிள்ளை என்றால் வளரத்தானே செய்யும்? உடனே கவிதாவின் ரோசாக் குல்லாவை எடுத்து அவள் தலையில் வைத்தேன். ஆறு வாரத்துக்கு முன் பின்னியது. இன்னும் அச்சாகவே இருந்தது.

அப்புறம் இன்னொரு யோசனை. கம்பளி நூல் இழுத்தால் நீளும். ஒரு நாள் தளர்த்திப் பிடித்திருப்பேன், ஒரு நாள் இறுக்கிப் பிடித்திருப்பேன். அது போதாதா வித்தியாசத்துக்கு? அந்த எண்ணம் வந்ததும் நிம்மதியாக இருந்தது. அடுத்த நிமிடமே, நிம்மதிக்காகத்தான் இந்த எண்ணம் வந்ததோ என்று தோன்றியது.

மறு வகுப்பில் என் சடை ரிப்பனால் பாண்டியின் தலையைச் சுற்றிப் பார்த்தேன். ரிப்பன் நீளாது. நுனி வந்து தொட்ட இடத்தில் பேனாவால் ஒரு கோடு போட்டேன். பேச்சி பாக்கியத்தோடு பேசிக்கொண்டிருந்தாள். பத்து நாள் கழித்து மறுபடி சுற்றினேன். நுனி, கோட்டை எட்டவில்லை. ஒரு விரல் அகலம் திறந்து கிடந்தது. நுனி இப்போது தொட்ட இடத்தில் இன்னொரு கோடு போட்டேன்.

முதலில் லில்லி அக்காவிடம்தான் சொன்னேன். ரிப்பனைக் காட்டவில்லை. "அக்கா, பாண்டி தலை கொஞ்சம் வெரசா வளருதோ?"

அவள் பின்னிக்கொண்டே, "ஆம்பிளைப் பிள்ளையல்லே மோளே. நீ கை இறுக்கிப் பின்னுறே. அது சாரமில்லா, பத்துக் கண்ணி கூட்டிப் போடு" என்றாள்.

என் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் காட்டினேன். அவர் நூல்களையும் ரிப்பனையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார்.

"டாக்டர்ட்ட காட்டச் சொல்லு. ஆனா இத வச்சிருந்தேன்னு மட்டும் சொல்லிராத" என்றார்.

"சொல்லாம எப்படிங்க? எதை வச்சுச் சொல்றன்னு கேப்பாளே?"

"அடுத்தவுக பிள்ளை அளவு நம்ம வீட்டுல ரெண்டு மாசமா கெடந்துச்சுன்னு தெரிஞ்சா ராசிங்காபுரமே கெளம்பி வரும். ஒனக்கும் ஒரு பிள்ளை இருக்கு."

அவர் சொன்னது சரி என்றுதான் பட்டது. அதற்கு நேர் எதிரானதும் சரி என்று பட்டது. தை பிறக்கப் பத்து நாள்கூட இல்லை. ஜீப்பு ஏறிவிட்டால் மேலே டாக்டர் கிடையாது. எஸ்டேட் டிஸ்பென்சரியில் காய்ச்சலுக்கு மாத்திரை கொடுப்பார்கள், அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை

அந்த வெள்ளிக்கிழமை நான் தனியாகச் சொல்ல வேண்டும் என்றுதான் போனேன். தனியாக அகப்படவில்லை. எல்லாரும் பேச்சியை வழியனுப்பும் குதூகலத்தில் இருந்தார்கள். யாரோ பொரிகடலை வாங்கி வந்திருந்தார்கள்.

"என்ன மதினி, மூணாவது குல்லா எங்க?" என்றாள் பேச்சி. "மலையில போயிப் பனியில நிக்கப்போறான் எம் மகன்."

"பேச்சி, மலைக்குப் போறதுக்கு முன்னாடி ஒருக்கா பெரிய டாக்டர்ட்ட காட்டிரு."

"எதுக்கு?"

"தலை… கொஞ்சம் சீக்கிரமா வளர்ற மாதிரி இருக்கு."

"அறிவு கூடுதுல்ல" என்றாள் பாக்கியம். எல்லாரும் சிரித்தார்கள்.

பேச்சி சிரிக்கவில்லை. "எத வச்சுச் சொல்ற?"

அந்த இடத்தில் நான் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். பார்த்தால் தெரிகிறது என்று சொல்லியிருக்கலாம். எத்தனையோ தடவை யோசித்துவிட்டேன், அது போதுமாக இருந்திருக்குமா என்று. அன்றைக்கு எனக்குப் பொய் வரவில்லை. பையிலிருந்து மூன்று நூலையும் ரிப்பனையும் எடுத்து அவள் முன்னால் பாயில் வைத்தேன். ரிப்பனில் இருந்த இரண்டு கோடுகளையும் காட்டினேன்.

பாக்கியம் கையிலிருந்த பொரிகடலையைத் தாளிலேயே திரும்பப் போட்டாள்.

"எம் பிள்ளை அளவ நீ எதுக்கு வீட்டுல வச்சிருந்த?" பேச்சி மெதுவாகத்தான் கேட்டாள்.

"தப்பு எங்கேன்னு பாக்கத்தான்…"

"அடுப்புல போடலையா நீ?"

"இல்ல."

"ஒண்ணுகூட?"

"இல்ல பேச்சி."

அவள் நூல்களைப் பொறுக்கினாள். ரிப்பனையும் எடுத்துச் சுருட்டி ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். பாண்டியைத் தூக்கித் தோளில் போட்டு, அவன் தலையின் பின்பக்கத்தைக் கையால் மூடினாள். என் பக்கம் திரும்பவே இல்லை. முன்கடையைத் தாண்டி அவள் வெயிலில் இறங்கிப் போவது தெரிந்தது.

கொஞ்ச நேரம் கழித்து ஒருத்தி தன் பிள்ளையைத் தன் பக்கம் இழுத்து உட்காரவைத்துக்கொண்டாள். மற்றவர்களும் அப்படியே செய்தார்கள். யாரும் என்னைத் திட்டவில்லை.

கிளம்பும்போது லில்லி அக்கா வாசல் வரை வந்தாள். "கொஞ்ச நாள் வர வேண்டா மோளே. நான் ஆள் விடுறேன்" என்றாள்.

காதில் விழுந்தவை

அந்தப் பொங்கல் எனக்கு நினைவே இல்லை. ஜீப்பு வந்ததா, அவள் ஏறினாளா, எதுவும் தெரியாது. கேட்கவும் ஆள் இல்லை. ஒரு நாள் நான் சொன்னது சரியாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன் என்பதைக் கவனித்தேன். சரி என்றால் அந்தப் பிள்ளைக்கு நோய் என்று அர்த்தம். அன்றிலிருந்து எதை வேண்டுவது என்று தெரியாமல் விளக்கேற்றிவிட்டு வெறுமனே நிற்பேன்.

மாசி மாதம் பாக்கியம் வீட்டுக்கே வந்தாள். தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுத்தான் பேசினாள்.

"பேச்சி மலைக்குப் போகலத்தா. மதுரையில பெரியாஸ்பத்திரியில கெடந்துருக்கா. பிள்ளைக்குத் தலைக்குள்ள தண்ணி கட்டிக்கிச்சாம். கண்ணு எப்பவும் கீழயே பாத்ததும் அதனாலதானாம். ஆப்ரேசன் பண்ணி, தோலுக்கு அடியில ஒரு குழாய் வச்சு வயித்துக்கு எறக்கி விட்டுருக்காக."

"பிள்ளை?"

"இருக்கான். நல்லாருக்கான்னுதான் சொல்றாக."

நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன். பாக்கியம் இன்னும் முடிக்கவில்லை.

"அவ ஆத்தா என்ன சொல்லுதுன்னா, நீ அளந்து அளந்துதான் வளத்துவிட்டன்னு. ஊரெல்லாம் சொல்லுது."

"பேச்சி?"

"அவ ஒண்ணுஞ் சொல்லல. டாக்டரு எத்தன நாளா இப்படின்னு கேட்டாராம். இவ ஒன் ரிப்பன எடுத்துக் குடுத்திருக்கா. அவரு டேப்பு வச்சு கோட்ட அளந்து எழுதிக்கிட்டாராம். நல்ல வேளை பிள்ளையக் கொண்டாந்தன்னு சொன்னாராம்." பாக்கியம் குரலைத் தாழ்த்தினாள். "அதத் திரும்ப வாங்கிக்கிட்டு வந்து, நேரா வைகையில எறங்கி தண்ணியில விட்டுட்டாளாம். நூலையும் சேத்து."

இதில் நான் எதை எடுத்துக்கொள்வது? டாக்டர் சொன்ன நல்ல வேளையையா, வைகையில் போனதையா? டாக்டரிடம் கொடுத்ததும் ஆற்றில் விட்டதும் பேச்சியின் அதே கைதான்.

என் வீட்டுக்காரர், "பிள்ளை பொழைச்சிருச்சுல்ல, விடு" என்றார். விட முடியவில்லை. முதல் குல்லா பத்தாதபோதே சொல்லியிருந்தால் அவன் தலைக்குள் அத்தனை நாள் தண்ணீர் ஏறியிருக்காதே. நூல் நீண்டிருக்கும், கை இறுகியிருக்கும் என்று என்னையே நான் சந்தேகப்பட்டுக்கொண்டு தள்ளிப்போட்ட வாரங்கள் அவனுடைய வாரங்கள் அல்லவா? ஒரு வேளை அளக்காமலே இருந்திருந்தால் என்று ஒரு நினைப்பும் வரும். படித்தவள் அப்படி நினைக்கக் கூடாது. நினைத்திருக்கிறேன்.

பஸ் ஸ்டாண்டில்

சித்திரையில் ஒரு காலை, அத்தைக்கு மருந்து வாங்க தேனிக்குப் போவதற்காகப் போடி பஸ் ஸ்டாண்டில் நின்றேன். மலைக்குப் போகும் பஸ் பக்கத்தில் பேச்சி நின்றிருந்தாள். இரண்டு பை, ஒரு தகரப் பெட்டி, தோளில் பாண்டி. நான் தூணுக்குப் பின்னால் நகரப் பார்த்தேன். அதற்குள் பார்த்துவிட்டாள்.

"மதினி" என்றாள்.

பக்கத்தில் போனேன். இளைத்திருந்தாள். சிரிக்கவில்லை, முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை.

"மருமக நடக்குறாளா?"

"நடக்குறா."

"இவன் இன்னும் உக்காரல. உக்காருவான்னு டாக்டரு சொல்லிருக்காரு."

"உக்காருவான்" என்றேன்.

கண்டக்டர் பெட்டியை மேலே ஏற்றச் சொல்லிச் சத்தம் போட்டார். பேச்சி அங்குமிங்கும் பார்த்தாள். கூட யாரும் வந்ததாகத் தெரியவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்தாள். பாண்டியின் தலையைப் புருவம் வரை சுற்றி, காதை மூடி, பின்னால் செருகினாள். செருகியது நிற்கிறதா என்று ஒரு தடவை தொட்டுப் பார்த்தாள். வெயில் அப்போதே கொளுத்திக்கொண்டிருந்தது.

"கொஞ்சம் புடி. சாமான ஏத்திட்டு வந்துர்றேன்" என்று அவனை என் கையில் கொடுத்தாள்.

தலை என் முழங்கையில் சாய்ந்தது. கண்ணை நிமிர்த்தி என் முகத்தைப் பார்த்தான். அவன் நிமிர்ந்து பார்த்து நான் பார்த்ததே இல்லை. இன்னொரு கையை அவன் தலைக்கு அணைவாக வைத்தேன். வைத்த பிறகுதான் கவனித்தேன், கட்டைவிரலும் சுண்டுவிரலும் தாமாகவே சாணாக விரிந்து நின்றன. கையை எடுத்து அவன் பாதத்தைப் பிடித்துக்கொண்டேன்.

பேச்சி திரும்பி வந்தாள். முதலில் என் கை எங்கே இருக்கிறது என்றுதான் பார்த்தாள். அப்புறம் துண்டைப் பார்த்தாள்.

"கனக்குறானா மதினி?" என்று கேட்டாள்.

கனக்கிறான் என்று சொன்னாலும் அது ஓர் அளவு. கனக்கவில்லை என்றாலும் அளவுதான். டிரைவர் ஏறி உட்கார்ந்துவிட்டார். அவள் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பிள்ளை மாதிரி இருக்கான்" என்றேன்.

அவள் கையை நீட்டி வாங்கிக்கொண்டாள்.